மணலும் மின்னொளியும்

2021-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள், பதினான்கு ஆண்டுகளாக ஒரு ரூபாய்க்கு விற்றுவந்த தீப்பெட்டி இரண்டு ரூபாய் ஆயிற்று. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி முதலிய ஊர்களில் தீப்பெட்டித் தொழில் நடத்துவோர் ஒன்றுகூடி ஆராய்ந்து செய்த முடிவு அது. மூலப்பொருள்களின் விலை தாங்கவொண்ணாதபடி ஏறிவிட்டது என்பதே அவர்கள் கூறிய காரணம். கிலோகிராம் 425 ரூபாய்க்குக் கிடைத்த சிவப்புப் பாஸ்பரஸ் 810 ரூபாய் ஆகியிருந்தது. 58 ரூபாய்க்கு வாங்கிய மெழுகு 80 ரூபாயை எட்டியிருந்தது. அட்டையும் காகிதமும் அவற்றைப் பின்தொடர்ந்தன.

அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில், சிவகாசியிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள சீன நாட்டின் யுன்னான் மாநிலத்தில் ஓர் அரசாணை பிறந்தது. மின்சாரச் செலவைக் குறைக்கும்பொருட்டு, அம்மாநிலத்து ஆலைகள் சில தம் ஆக்கத்தை ஆகஸ்டு மாத அளவில் பத்தில் ஒரு பங்கிற்குமேல் போகாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அந்த ஆணை. அதன்கண் குறிக்கப்பட்ட பொருள்களுள் ஒன்று மஞ்சள் பாஸ்பரஸ். அதனைக் காற்றுப் புகாமற் சூடேற்றிப் பெறுவதே தீப்பெட்டியின் உரசுபட்டையிற் பூசப்பெறும் சிவப்புப் பாஸ்பரஸ். அதனோடு சேர்த்துக் குறிக்கப்பட்ட மற்றொரு பொருள் சிலிக்கன். சூரிய மின்கலங்களுக்கு முதற்பொருளாவது அதுவே. அந்நாளில் உலகச் சந்தையிற் சூரியத் தகடுகளின் விலையும் ஏறியது. இவ்வாணை ஒன்றே இரு விலையேற்றங்களுக்கும் காரணம் என்று கூறுதல் மிகையாகும். வேறு காரணங்களும் உண்டு. ஆயினும், அடுப்பங்கரையில் உரசும் குச்சிக்கும் வீட்டுக் கூரைமேல் வெயில் காயும் நீலத்தகட்டுக்கும் உறவொன்று உண்டு என்பதனை அவ்வாண்டு காட்டிற்று.

அவ்வுறவு விலையளவில் நிற்பதன்று, பொருளளவிலும் உண்டு. தீப்பெட்டியின் பக்கத்திற் பூசிய பாஸ்பரஸே சூரிய மின்கலத்தின் மேற்புறத்தினுள்ளும் செலுத்தப்படுகின்றது. கம்பி மத்தாப்பிலும் புஸ்வாணத்திலும் வெள்ளியொளி சிந்தும் அலுமினியம், மின்கலங்கள் பலவற்றின் பின்புறத்திற் குழம்பாகப் பூசப்படுகின்றது. உரசுபட்டையிற் கலந்த கண்ணாடித்தூள், மின்கலத்திற்குமேல் முழுக்கண்ணாடியாக விரிந்து காவல் செய்கின்றது. சிவகாசியின் சரக்கறையிற் காணும் பொருள்கள் பல, சூரிய மின்கல ஆலையின் சரக்கறையிலும் உள்ளன. சிலிக்கன் ஒன்றே புதிது. அதுவும் அரிய பொருளன்று. ஆற்று மணலிலும் வெண்கற்பாறையிலும் உயிர்வளியோடு கூடி மறைந்து கிடப்பது. பூமியின் மேலோட்டில் எடையளவாற் கால்பங்கிற்குமேல் அமைந்திருப்பது.

அங்ஙனமாயின் எங்கும் கிடைக்கும் மணலுக்காக ஒரு நாடு மற்றொரு நாட்டின் ஆணையை எதிர்நோக்குவானேன்?

விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த கரிசல் நிலம். மழை குறைவு, வெயில் மிகுதி. உழவனுக்குத் துன்பமான அவ்வெயிலே சிவகாசிக்கு முதலீடாயிற்று. குச்சியும் அட்டையும் காகிதக் குழலும் மருந்தும் ஈரமின்றி உலர வேண்டும். உலர்களத்தில் விரித்தால் விலையின்றி உலர்த்தித் தரும் ஞாயிறு அங்கே ஆண்டின் பெரும்பாலான நாட்களில் உண்டு. அதே ஞாயிற்றொளியை இன்று மின்சாரமாக மாற்றுகின்றனர். மாவட்டத்தின் கிழக்கெல்லையை அடுத்து, இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-ஆம் ஆண்டு 648 மெகாவாட்டு ஆற்றலுள்ள சூரிய மின்னிலையம் தொடங்கப்பெற்றது. ஏறத்தாழ 2,500 ஏக்கர் நிலத்தில் 25 லட்சம் தகடுகள் அங்கே வரிசை வரிசையாக நிற்கின்றன. ஓரிடத்தமைந்த சூரிய மின்னிலையங்களுள் உலகிற் பெரியது என அந்நாளில் அது பேசப்பட்டது.

உலர்களத்து வெயிலுக்கும் தகட்டின்மேல் விழும் வெயிலுக்கும் வேறுபாடு ஒன்று உண்டு. மருந்தை உலர்த்துவது ஞாயிற்றின் வெப்பம். மின்சாரத்தைத் தருவது அதன் ஒளி. சூரிய மின்கலம் வெப்பத்தை விரும்புவதன்று. அது சூடேற ஏற, ஒவ்வொரு பாகைக்கும் அதன் திறன் சிறிது சிறிதாகக் குறைகின்றது. ஆதலின், ஒளி நிறைந்து காற்றும் குளிர்ந்திருக்கும் மார்கழி, தைத் திங்களின் நண்பகல் அதற்கு மிக உகந்தது. கோடையில் ஒளி மிகுந்தும், வெப்பம் அதன் பயனில் ஒரு பகுதியை உண்டுவிடுகின்றது.

ஒளி மின்சாரமாக மாறுவது எவ்வாறு? செம்பு முதலிய உலோகங்கள் மின்சாரத்தைத் தடையின்றிக் கடத்துவன. கண்ணாடி, பீங்கான் முதலியன கடத்தாதன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது சிலிக்கன். ஆதலின் அதனைக் குறைகடத்தி என்பர். சிலிக்கன் அணு ஒவ்வொன்றும் தன் புறக்கூட்டிலுள்ள நான்கு எலக்ட்ரான்களால் அண்டையிலுள்ள நான்கு அணுக்களோடு கைகோத்து நிற்கின்றது. எல்லாக் கைகளும் பிணைந்திருத்தலின் மின்னோட்டத்திற்கு உரிய எலக்ட்ரான் அதன்கண் மிகச் சிலவே. அதனுள் ஐந்து கைகளையுடைய பாஸ்பரஸ் அணுவைப் புகுத்தினால் ஒரு கை எஞ்சுகின்றது. அவ்வெலக்ட்ரான் உலவும் உரிமை பெறுகின்றது. மூன்றே கைகளையுடைய போரான் அணுவைப் புகுத்தினால் ஓரிடம் வெறிதாகின்றது. அவ்வெற்றிடமும், அண்டையிலுள்ள எலக்ட்ரான் வந்து நிரப்ப நிரப்ப, இடம்பெயர்ந்து செல்லும்.

போரான் கலந்த சிலிக்கன் ஏட்டின் ஒரு பக்கத்திற் பாஸ்பரஸைச் செலுத்தினால் இரு வகைப் பகுதிகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் சந்தி ஒன்று உண்டாகின்றது. அச்சந்தி வயலின் மடையைப் போன்றது; எலக்ட்ரான்களை ஒரு பக்கமாகவே சரித்துவிடும் இயல்புடையது. ஞாயிற்றொளி உட்புகுந்து பிணைப்பிலிருந்து ஓர் எலக்ட்ரானை விடுவித்தவுடன், அச்சரிவு அதனை மேற்புறத்திற்குத் தள்ளுகின்றது. அங்கே படிந்துள்ள மெல்லிய வெள்ளிக் கோடுகள் அதனைத் திரட்டிக் கம்பிவழியே வெளியே அனுப்புகின்றன. விளக்கையோ விசிறியையோ இயக்கிவிட்டு அது பின்புறமாக வந்து மீண்டும் ஏட்டினுள் சேர்கின்றது. இதன்கண் எரிவது ஒன்றுமில்லை. தேய்வதும் சுழல்வதும் இல்லை.

ஒளியால் மின்சாரம் பிறத்தலை 1839-இல் பிரெஞ்சு நாட்டு அறிஞர் எட்மண்ட் பெக்கரல் கண்டறிந்தார். எனினும் நடைமுறைக்குப் பயன்படும் சிலிக்கன் மின்கலம் தோன்ற மேலும் நூற்றுப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டேரில் சாப்பின் என்னும் பொறியாளர், வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளில் தொலைபேசிக் கருவிகளுக்குரிய உலர்மின்கலங்கள் விரைவிற் கெட்டுவிடுதலைக் கண்டு மாற்று வழி தேடினார். வேதியியலார் கால்வின் புல்லரும் இயற்பியலார் செரால்டு பியர்சனும் அவருக்குத் துணையாயினர். 1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் அம்மூவரும் ஆக்கிய மின்கலம் உலகிற்குக் காட்டப்பெற்றது. விழும் ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கை அது மின்சாரமாக மாற்றியது. நம் நாட்டை ஒத்த வெப்பநாடுகளின் குறையே அவ்வாராய்ச்சிக்கு வித்திட்டது என்பது எண்ணத்தக்கது. ஆயின் விலை பெரிது. தொடக்கத்தில் ஒரு வாட்டு மின்கலத்திற்கு 286 டாலர் ஆகும் எனக் கணக்கிட்டனர். விலையை எண்ணாமல் அதனை ஏற்றுக்கொண்ட இடம் வானவெளி. 1958-இல் விண்ணிற் செலுத்தப்பெற்ற வான்கார்டு என்னும் சிறுகோள் சூரிய மின்கலங்களைச் சுமந்து சென்றது. இன்று ஒரு வாட்டுத் தகட்டின் விலை அரை டாலருக்கும் குறைவு.

மணல் மின்கலமாவதற்கு இடையில் உள்ள படிகள் பல. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டாலன்றி இத்தொழிலின் அருமை விளங்காது. முதலில் வெண்கற்பாறையைக் கரியோடு சேர்த்து மின்னுலையில் இட்டு, ஏறத்தாழ 2,000 பாகை வெப்பத்தில் உருக்குவர். கரி உயிர்வளியைக் கவர்ந்துகொள்ள, சாம்பல்நிறச் சிலிக்கன் எஞ்சும். யுன்னான் மாநிலத்தில் ஆணையால் தடையுண்டது இப்பொருளே. இதன்கண் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கு அழுக்கு உண்டு. எஃகு ஆலைக்கும் அலுமினிய ஆலைக்கும் இத்தூய்மை போதும். மின்கலத்திற்கோ நூறு கோடியில் ஒரு பங்கு அழுக்கு என்னும் அளவிற்குத் தூய்மை வேண்டும். இருநூறு மூட்டை அரிசியில், மூட்டைக்கு நூறு கிலோகிராமாக, ஏறத்தாழ நூறு கோடி மணிகள் இருக்கும். அவ்வளவு அரிசியிலும் ஒரே ஒரு கல் கிடக்கலாம். இரண்டாவது கல் ஆகாது என்பது போன்றது இவ்விதி.

இத்தகைய தூய்மையைச் சலித்தும் அரித்தும் பெறுதல் இயலாது. அதற்கு ஒரு சூழ்ச்சி உண்டு. திண்மமான சிலிக்கனைத் தூளாக்கி, ஹைடிரசனும் குளோரினும் கூடிய வாயுவோடு 300 பாகை வெப்பத்திற் சேர்த்தால் டிரைகுளோரோசிலேன் என்னும் நீர்மம் கிடைக்கின்றது. அது 32 பாகை வெப்பத்திலேயே கொதிப்பது. விருதுநகரின் சித்திரை வெயிலில் ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைத்தால் அடுப்பின்றியே கொதித்துவிடும். ஆயின் ஊற்றி வைத்தல் தகாது. எளிதில் தீப்பற்றுவது, ஈரக்காற்றுப் பட்டவுடன் அமிலப்புகை கக்குவது. இவ்வெளிதிற் கொதிக்கும் தன்மையாலேயே அதனை மீண்டும் மீண்டும் வாலைவடித்து அழுக்கைப் பின்னிறுத்தலாம். தூய்மையுற்ற ஆவியை ஹைடிரசனோடு கலந்து, 1,100 பாகைக்குச் சூடேறிய மெல்லிய சிலிக்கன் கோல்கள்மேற் செலுத்துவர். ஆவியிலுள்ள சிலிக்கன் கோலின்மேற் படிந்து, விரற்கனம் கைக்கனமாகப் பல நாள் வளரும். இதுவே பலபடிகச் சிலிக்கன். ஒரு கிலோகிராம் ஆக்குவதற்கு ஐம்பது யூனிட்டிற்கு மேற்பட்ட மின்சாரம் செலவாகும்.

அடுத்த படி, அதனை 1,414 பாகையில் உருக்கிப் பாளமாக்குதல். உருகிய சிலிக்கனில் ஒரு சிறு படிக விதையைத் தோய்த்து, சுழற்றிக்கொண்டே மெல்ல மேலே இழுத்தால், அணுக்களெல்லாம் ஒரே ஒழுங்கில் அமைந்த உருண்ட தூண் கிடைக்கும். இம்முறையை 1916-இல் கண்டவர் போலந்து நாட்டவரான யான் சோக்ரால்ஸ்கி. பெர்லினில் ஒரு நாள் எழுதிக்கொண்டிருந்தவர், மைக்கூட்டில் தோய்க்க வேண்டிய பேனாவை மறதியால் அருகிலிருந்த உருகிய வெள்ளீயத்தில் தோய்த்து எடுத்தார் என்றும், முனையில் தொங்கிய ஈய இழையே இம்முறைக்கு வழிகாட்டியது என்றும் கூறுவர். தூணைக் கம்பியால் அறுத்து, இரண்டு தலைமயிரின் கனமுள்ள சில்லுகளாக்குவர். அறுக்கையில் ஒரு பகுதி தூளாகப் போய்விடும். இத்துணைப் பாடுபட்டு அழுக்கை நீக்கியபின், சில்லினுள் பாஸ்பரஸ் ஆவியைச் செலுத்துவர். முற்றவும் தூய்மை செய்துவிட்டு, வேண்டிய அழுக்கை வேண்டிய அளவில் தாமே இடுதல் என்பதே இத்தொழிலின் சுருக்கம். ஒளியைத் திருப்பியனுப்பாதபடி மேலே பூசும் மெல்லிய படலமே மின்கலத்திற்கு நீலநிறத்தைத் தருகின்றது. வெள்ளிக் கோடுகள் இட்டுச் சுட்டெடுத்தால் மின்கலம் முடிந்தது. மின்கலங்களைக் கோத்துக் கண்ணாடியால் மூடிச் சட்டமிட்டால் தகடாகும்.

பாறை, சிலிக்கன், தூய சிலிக்கன், பாளம், சில்லு, மின்கலம், தகடு என்னும் இவ்வரிசையை வழங்கல் தொடர் என்பர். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை பயனற்றுக் கிடக்கும். இத்தொடரின் முக்கியக் கண்ணி ஒவ்வொன்றிலும் எண்பது விழுக்காட்டிற்கு மேற்பட்ட பங்கு சீன நாட்டிடம் உள்ளது என்று பன்னாட்டு எரிசக்தி முகமை 2022-இல் கணக்கிட்டுக் கூறிற்று.

இந்தியா இத்துறையிற் பின்தங்கிப் புகுந்த நாடன்று. தில்லியை அடுத்த சாகிபாபாத்தில் 1974-இல் நிறுவப்பெற்ற சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் என்னும் அரசு நிறுவனம், 1977-இல் நாட்டின் முதற் சூரிய மின்கலத்தையும் அடுத்த ஆண்டில் முதல் தகட்டையும் ஆக்கியது. அதற்கு வேண்டிய தூய சிலிக்கனை உள்நாட்டில் ஆக்க இயலுமா என்பதே அந்நாளில் எழுந்த வினா. அதற்கு விடைகண்டவர் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்துப் பேராசிரியர் ஏ. ஆர். வாசுதேவ மூர்த்தி. கனிம வேதியியலிற் புலமைமிக்க அவர், டிரைகுளோரோசிலேனை ஆக்கித் தூய்மை செய்து, அதிலிருந்து பலபடிகச் சிலிக்கனைப் பெறும் முறையை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவையிற் கிட்டிய வெற்றியை ஆலைக்குக் கொண்டுசெல்ல ஓர் இடம் வேண்டியிருந்தது. அவ்விடமாக வாய்த்தது தமிழ்நாட்டின் மேட்டூர்.

மேட்டூர் இதற்குப் பொருத்தமான ஊரே. 1934-இல் காவிரியின் குறுக்கே அணை எழுந்து, மின்சாரமும் பிறந்தது. 1936-இல் தோன்றிய மேட்டூர்க் கெமிக்கல்ஸ் நிறுவனம், உப்புநீரினுள் மின்சாரத்தைச் செலுத்தி எரிசோடா ஆக்கும் தொழிலை மேற்கொண்டது. அத்தொழிலில் எரிசோடாவோடு உடன்பிறப்பன குளோரினும் ஹைடிரசனும். சிலிக்கனைத் தூய்மை செய்வதற்கு வேண்டியவையும் அவ்விரண்டே. அங்கே 1980-களில் மெட்கெம் சிலிக்கன் என்னும் நிறுவனம் அமைந்து, வாசுதேவ மூர்த்தி அவர்களின் முறையில், ஆண்டுக்கு 25 டன் என்னும் அளவிற் பலபடிகச் சிலிக்கன் ஆக்கத் தலைப்பட்டது. வேதாரணியம் முதலிய கடற்கரைகளில் விளையும் உப்பும், காவிரி தந்த மின்சாரமும், பெங்களூரிற் பிறந்த அறிவும் ஒன்றுகூடிய இடம் என்று அதனைக் கூறலாம்.

அக்காலத்தே மத்திய அரசு, அதனினும் பன்மடங்கு பெரிய தேசியச் சிலிக்கன் ஆலை ஒன்றை அமெரிக்காவின் ஹெம்லாக் நிறுவனத்துத் தொழில்நுட்பங் கொண்டு அமைக்க எண்ணியது. உள்நாட்டு முறை கையிலிருக்க வெளிநாட்டு முறைக்குப் பெரும்பொருள் கொடுப்பானேன் என்று ஒரு சாரார் வினவினர். ஆய்வுக்கூட முறை பேரளவிற்கு ஈடுகொடுக்குமோ என்று மற்றொரு சாரார் ஐயுற்றனர். வாதம் அறிவியலார் அவைகளைக் கடந்து செய்தித்தாள்களிலும் அரசியல் மன்றங்களிலும் புகுந்தது. முடிவில் அப்பெரிய ஆலை எழவில்லை. எழாததோடு நின்றிருந்தாலும் ஒருவாறு ஆறுதல் கொள்ளலாம்; அதற்கு ஈடாக மேட்டூர் ஆலை வளர்ந்து பெரிதாகவும் இல்லை. வெளிநாட்டுப் பேராலைகளின் சிலிக்கன் மலிவாக வந்து குவிந்த காலத்தில், அங்கே பலபடிகச் சிலிக்கன் ஆக்கும் பணி நாளடைவில் நின்றுபோயிற்று.

இதன் உட்பொருளை உணரக் கமுதி மின்னிலையத்தையே அளவுகோலாகக் கொள்ளலாம். 2016-ஆம் ஆண்டளவில் ஒரு வாட்டு மின்கலத்திற்கு ஏறத்தாழ 5 கிராம் சிலிக்கன் தேவைப்பட்டது. 648 மெகாவாட்டு என்பது 64 கோடியே 80 லட்சம் வாட்டு. அதற்கு வேண்டிய சிலிக்கன் 3,240 டன். ஆண்டிற்கு 25 டன் ஆக்கும் ஆலை இந்த ஒரு மின்னிலையத்திற்கு வேண்டிய சிலிக்கனை ஆக்கி முடிக்க ஏறக்குறைய 130 ஆண்டுகள் ஆகும். இன்று சீன நாட்டின் பேராலைகள் ஆண்டிற்கு ஒரு லட்சம் டன்னுக்கு மேலும் ஆக்க வல்லன. மேட்டூரில் அறிவிற்குக் குறையில்லை, அளவிற்கே குறை.

சிவகாசியின் வரலாற்றை இதனோடு ஒப்புநோக்குதல் பயன் தரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியர் உரசிய தீக்குச்சி சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்தது. 1922-இல் அன்றைய அரசு, இறக்குமதியாகும் தீப்பெட்டி ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் தீர்வை விதித்தது. அவ்வாண்டிலேயே சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, சில திங்கள் அங்குத் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923-இல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினர். முதலில் ஜெர்மானிய எந்திரங்களைக் கொண்டு முயன்றனர். பின்னர், எந்திரத்தினும் கைத்தொழிலே ஊருக்கு ஏற்றதெனக் கண்டு அவ்வழியில் திரும்பினர். சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனமும் வாளா இருக்கவில்லை; தீர்வையைக் கடக்கும் வழியாக இந்தியாவிலேயே விம்கோ என்னும் பெயரில் எந்திர ஆலைகளை நிறுவியது. அதன் போட்டிக்கும் ஈடுகொடுத்துச் சிவகாசி நின்றது. தீப்பெட்டியிலிருந்து பட்டாசு பிறந்தது. பெட்டிமேல் ஒட்டும் படத்திலிருந்து அச்சுத்தொழில் பிறந்தது. கேரளத்து மரக்குச்சி, ஆலையிலிருந்து வரும் உப்புமருந்து, உள்ளூர் அச்சுப்படம், வண்டியேற்றும் வணிகர் எனத் தொடரின் கண்ணிகள் ஒன்றோடொன்று இணைந்தன.

சிவகாசி வளர்ந்த வழி சிலிக்கனுக்குச் செல்லாது என்பதனையும் மறைத்தல் ஆகாது. தீப்பெட்டித் தொழிலைப் பல சிறு பணிகளாகப் பிரித்து, வீடு வீடாகப் பங்கிட்டுக் கொடுக்கலாம். குச்சியடுக்குவதையும் பெட்டி ஒட்டுவதையும் திண்ணையில் அமர்ந்தே செய்யலாம். அம்மலிவுக்கு ஒரு காலத்தில் பள்ளிக்குச் செல்ல வேண்டிய சிறுவர் சிறுமியர் கைகளும் விலையாயின. பட்டாசு ஆலைகளின் வெடிவிபத்துகளில் உயிர்களும் விலையாகி வருகின்றன. டிரைகுளோரோசிலேன் வடிக்கும் வாலையைத் திண்ணையில் வைத்தல் இயலாது. பத்து சிறு ஆலைகள் சேர்ந்து ஒரு பெரிய ஆலையாகிவிடுவதும் இல்லை. ஆலை பெரிதாகப் பெரிதாகவே செலவு குறையும் தொழில் அது. இடைவிடாத மலிவான மின்சாரமும், ஆதாயம் வரும்வரை பல்லாண்டு பொறுத்திருக்கும் பெருமுதலும் இல்லாவிடத்து, நல்ல ஆராய்ச்சியாளர் ஒருவர் கண்ட முறை ஏட்டில் நின்றுவிடும்.

தீப்பெட்டித் தீர்வைக்கு நூறு ஆண்டு கழித்து, 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், இந்திய அரசு வெளிநாட்டுச் சூரியத் தகடுகளுக்கு 40 விழுக்காடும் மின்கலங்களுக்கு 25 விழுக்காடும் சுங்கத்தீர்வை விதித்தது. அதன் பயனாகத் தகடு கோக்கும் ஆலைகள் நாடெங்கும் பெருகின. மின்கலம் ஆக்கும் ஆலைகளும் எழுந்தன. குசராத்து மாநிலத்து முந்திராவில் 2024-இல் பாளமும் சில்லும் ஆக்கத் தொடங்கினர். எனினும் பாளத்திற்கு வேண்டிய தூய சிலிக்கன் இன்றும் கடல்கடந்தே வருகின்றது. தொடரை வாலிலிருந்து தலைநோக்கிக் கட்டிவருகின்றனர்; மேட்டூரில் ஒருகால் இருந்த கண்ணிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

சிலிக்கனைத் தவிர்த்துச் செல்லும் வழியும் உண்டு. திருப்பெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் 2024-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பர்ஸ்ட் சோலார் நிறுவனத்து ஆலை, காட்மியம், டெல்லூரியம் என்னும் தனிமங்கள் கூடிய சேர்மத்தைக் கண்ணாடிமேல் மெல்லிய படலமாகப் படியச்செய்து தகடாக்குகின்றது. பாளம், சில்லு என்னும் கண்ணிகள் அதற்கு வேண்டுவதில்லை. இத்தகைய படலங்களை மின்சாரத்தின் துணையாற் படியச்செய்யும் முறைகளைக் காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். ஆயினும் டெல்லூரியம் மிக அரிய பொருள். செம்பைத் தூய்மை செய்யும்போது சிறிதளவே கிடைப்பது. காட்மியமோ நச்சுத்தன்மை வாய்ந்தது. மணலைப்போல் எங்கும் கிடைப்பதும், யாரையும் வருத்தாததும் சிலிக்கனே. அதனால் அதன்மேற் செய்யும் ஆராய்ச்சி ஓயவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்துப் படிக வளர்ச்சி மையத்தை முன்னின்று நடத்தியவரும், பின்னர்ச் சென்னைக்குத் தெற்கே காலவாக்கத்துப் பொறியியற் கல்லூரியில் ஆய்வு செய்தவருமான பேராசிரியர் பெ. இராமசாமி, உருகிய சிலிக்கனை ஒரு திசையாக உறையச்செய்து குறைபாடு குறைந்த பாளமாக்கும் முறையைத் தம் மாணவர்களோடு ஆராய்ந்தார்.

சிவகாசிக்குத் தெற்கே, திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிக் கங்கைகொண்டான் என்னும் ஊர் உள்ளது. அங்கே டாடா பவர் நிறுவனம் ஆண்டிற்கு 4,300 மெகாவாட்டு அளவிற்கு மின்கலமும் தகடும் ஆக்கும் ஆலையை அமைத்துள்ளது. 2024-இல் அங்கு மின்கல ஆக்கம் தொடங்கிற்று. பணிபுரிவோருள் பெரும்பாலோர் பெண்கள். தீப்பெட்டியும் பட்டாசும் பெண்களின் கைவண்ணமாக வளர்ந்த நாட்டுப்புறத்திற்கு அண்மையில், இரண்டு மயிர்க்கனமுள்ள சில்லுகளை உடையாமற் கையாளும் பணியை அவர்கள் மேற்பார்க்கின்றனர். சில்லுகள் சாம்பல்நிறமாக ஒரு வாயிலிற் புகுகின்றன. உலையினுள் பாஸ்பரஸ் ஆவி அவற்றைத் தழுவுகின்றது. சிவகாசியில் உரசுபட்டையிற் பூசுவதும் அப்பாஸ்பரஸே. பின்னர் நீலநிறமும் வெள்ளிக் கோடுகளும் பெற்று, அவை மறுவாயிலில் மின்கலங்களாக வெளிவருகின்றன.